பருத்தி நாட்டில் பந்தயக் கார்



சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, முன்பு என்னிடம் பத்தாம் வகுப்பில் பயின்ற இளைஞன் ஒருவன் தன் மோட்டார் காரைக் கொண்டுவந்து என் வீட்டு வாயிலில் நிறுத்தினான். திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் நல்ல நிலையில் இருப்பவன் அவன். கார் பழையது, ஆயினும் அடையாளம் தெரியாதபடி அதனை மாற்றியிருந்தான். சக்கரங்கள் முன்னிலும் அகன்றிருந்தன. பின்புறத்தில் ஆகாய விமானத்தின் இறக்கை போன்றதொரு பலகை நின்றது. புகைக்குழாயின் வாய் என் கையை நுழைக்கலாம் எனும்படி பெருத்திருந்தது. வண்டியோ நிலத்தைத் தொட்டுவிடுவது போலத் தாழ்ந்திருந்தது.

“ஐயா, எல்லாம் நானே செய்தது” என்றான்.

“வண்டியை எவ்வாறு தாழ்த்தினாய்?” என்று வினவினேன்.

“ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை அறுத்து எடுத்துவிட்டேன், ஐயா.”

அவ்விடையைக் கேட்டதும் எனக்கு மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே தோன்றின. விலைகொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கத் துணிந்தானே என்பது மகிழ்ச்சி. அறுத்தது எதனை என்று அறியாமல் அறுத்தானே என்பது அச்சம். அன்று இரவு உறக்கம் வரும்வரை அக்காரைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தேன். வாங்கிய வண்டியை நம் கைப்பட மாற்றி, வேறொன்றாக்கிப் பார்க்கும் இவ்வாசை நேற்றுத் தோன்றியதன்று. கோவை, சூலூர், பல்லடம், திருப்பூர், உடுமலை என்னும் இந்தப் பருத்தி நாட்டில் அதற்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் புகுகின்றேன்.

பருத்திக்கும் பந்தயக் காருக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். நம் பகுதியில் மழை குறைவு. கிணற்று நீரை நம்பிக் கம்போடியாப் பருத்தி விளைந்த மண் இது. கிணற்றிலிருந்து நீரை இறைக்கப் பம்பு வேண்டும். பம்புக்கு எஞ்சினோ மின்மோட்டாரோ வேண்டும். விளைந்த பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்க அரவை ஆலை வேண்டும். பிரித்த பஞ்சை நூலாக்க நூற்பாலை வேண்டும். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் இப்பக்கம் வந்தபின் ஆலைகள் பெருகின. இயந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. அவை பழுதுற்றால் மாற்றுறுப்பும் அங்கிருந்தே வரவேண்டும். கப்பலில் வரும் ஓர் இரும்புத் துண்டுக்காக ஆலையை மாதக்கணக்கில் மூடி வைக்க யாரால் இயலும்? ஆகவே உடைந்த உறுப்பை மாதிரியாக வைத்து மணலில் அச்செடுத்து வார்க்கும் பவுண்டரிகளும், வார்த்ததைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவரும் லேத் பட்டறைகளும் தோன்றின. பிறர் செய்த பொறியைத் திறப்பது, அளப்பது, அதுபோல் ஒன்றைச் செய்வது, பின்பு நம் தேவைக்கேற்ப அதனை மாற்றுவது என்னும் வித்தைகளை இந்நாட்டவர் முதலில் கற்றது பஞ்சாலையில்தான். மோட்டார் வண்டி வந்து சேர்ந்தபோது அதனைத் திறக்கும் கை இங்கே ஆயத்தமாக இருந்தது.

அக்கைகளுள் முதன்மையானது சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு பிறந்த கோ. துரைசாமி நாயுடுவின் கை. ஜி. டி. நாயுடு என்றால் உங்களுக்கு எளிதில் விளங்கும். அவருடைய பள்ளிப் படிப்பு நெடுந்தூரம் செல்லவில்லை. தலைமை ஆசிரியனாக இருந்த நான் இதனை உங்களிடம் சொல்லத் தயங்கவே வேண்டும். ஆயினும் வரலாற்றை மறைத்தல் ஆகாது. இளமையில் அவர் தம் ஊர்ப்பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இன்றித் தானே ஓடும் அவ்வண்டி அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. கோவைக்குச் சென்று ஓட்டல் ஒன்றில் பரிமாறுபவராக வேலை பார்த்தார், பணம் சேர்த்தார், அம்மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஏறி ஊர் சுற்றியிருப்பார் என்றே எவரும் நினைப்பர். அவரோ அதனைத் திருகு திருகாகக் கழற்றிக் குவித்துவிட்டு, மீண்டும் பூட்டக் கற்றுக்கொண்டார். அவருக்கு அமைந்த பொறியியற் கல்லூரி அந்த ஒரு வண்டியே எனலாம்.

பின்னர் அவர் நம் திருப்பூரில் பஞ்சு அரவைத் தொழில் நடத்திப் பொருள் ஈட்டினார். பம்பாய்க்குச் சென்று பஞ்சு வாணிபத்தில் அதனை இழந்தார். இழந்தவருக்குக் கை கொடுத்தவர் கோவையில் தொழில் நடத்திய இராபர்ட் ஸ்டேன்ஸ் துரை. 1920-ஆம் ஆண்டில் நாயுடு ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அவ்வழியின் நடுவே இருப்பது உடுமலைப்பேட்டை. அந்த ஒரு வண்டி பெருகி, யூ.எம்.எஸ். என்று மக்கள் வழங்கிய யுனிவர்சல் மோட்டார் சர்வீசாக வளர்ந்தது. 1930-களில் நூற்றுக்கணக்கான வண்டிகள் அதன் பெயரில் ஓடின.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். அந்நாளில் பேருந்து என்பது முழுமையாக வந்து இறங்கும் பொருளன்று. சட்டமும் எஞ்சினும் சக்கரங்களுமே கப்பலில் வரும். கூட்டை இங்குள்ள தச்சரும் கொல்லருமே கட்டுவர். எத்தனை பேர் அமரவேண்டும், மூட்டைகளை எங்கே ஏற்றவேண்டும், மழைச்சாரலை எவ்வாறு தடுக்கவேண்டும் என்பதையெல்லாம் தீர்மானித்தவர் உள்ளூர்க்காரரே. ஆகையால் வண்டியை மாற்றுதல் என்பது அக்காலத்தில் ஒரு பொழுதுபோக்கு அன்று; மாற்றாவிட்டால் வண்டியே இல்லை. இன்றுங்கூட நம் அண்டை ஊரான கரூரில் பேருந்துக் கூடு கட்டுதல் பெருந்தொழிலாக விளங்குவதை நீங்கள் அறிவீர்கள்.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அத்திறமைக்கு ஒரு சோதனை வந்தது. பெட்ரோல் பங்கீட்டுப் பொருளாயிற்று. வண்டிகள் நின்றுபோகாமல் காத்தது அடுப்புக் கரி. பேருந்தின் பின்புறத்தில் ஆளுயர இரும்புக் கொதிகலம் போன்ற ஒன்றைப் பூட்டினர். அதனுள் கரியைப் போட்டு மூட்டி, போதிய காற்று விடாமல் எரித்தால் முழுதும் எரியாத கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு பிறக்கும். அதனை வடிகட்டிக் குளிர்வித்துக் குழாய்வழியே எஞ்சினுக்குச் செலுத்தினால் பெட்ரோலுக்குப் பதிலாக அது எரியும். ஆனால் பெட்ரோல் தரும் வலிமையில் கணிசமான பகுதியை இழக்கவேண்டியதுதான். காலையில் வண்டியைக் கிளப்புமுன் கிளீனர் நெடுநேரம் கரியைக் கிண்டி விசிறவேண்டும்; மேட்டில் வண்டி திணறினால் பிரயாணிகள் இறங்கித் தள்ளவேண்டும். இவற்றையெல்லாம் என் தந்தையார் சிரித்துக்கொண்டே சொல்வார். கரிகேஸ் பஸ் என்பது அவர் தலைமுறையினர் வாயில் வழங்கிய பெயர். அவ்வாயு நஞ்சு என்பதையும், மூடிய கொட்டகையில் அக்கலத்தை மூட்டுதல் உயிருக்கே கேடு என்பதையும் அக்கிளீனர்கள் பாடப்புத்தகம் படிக்காமலே அறிந்திருக்க வேண்டியிருந்தது.

இனிப் பந்தயத்திற்கு வருவோம்.

நாடு விடுதலை பெற்றபின் அயல்நாட்டுக் கார்களின் இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு வந்தது. இந்தியாவில் கார் வாங்குவோருக்குப் பெரும்பாலும் மூன்றே வாய்ப்புகள். வங்காளத்து உத்தரபாராவில் செய்யப்பட்ட அம்பாசிடர் ஒன்று; பம்பாயில் செய்யப்பட்ட பியட் ஒன்று; 1961-ஆம் ஆண்டு முதல் சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று. பந்தயக் கார் என்று பெயர் சொல்லி வாங்குவதற்குக் கடைகளில் எதுவும் இல்லை. ஆயினும் பந்தயம் நடந்தது! 1953-ஆம் ஆண்டில் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் நிறுவப்பெற்றது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்காலத்து விமானத்தளம் ஒன்று பயனற்றுக் கிடந்தது. விமானங்கள் ஓடிய அப்பாதையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடலாயின. பல்லாயிரவர் கூடி வேடிக்கை பார்த்தனர். கோவையிலிருந்து வண்டிகளோடு சென்று கலந்துகொண்டவர் பலர்.

குடும்பத்தோடு கோயிலுக்குப் போகச் செய்த காரைப் பந்தயக் காராக்குவது எவ்வாறு? இதனைச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன். ஏனெனில் பௌதிகப் பாடம் முழுவதும் இதனுள் அடங்கிக் கிடக்கிறது.

முதலில் கழித்தல். பின் இருக்கை, தரைவிரிப்பு, கதவின் உட்பலகை, கண்ணாடிகள் என்று ஓடுவதற்கு வேண்டாதவை அனைத்தையும் கழற்றி எறிவர். பொருளின் எடை குறைந்தால் அதே விசை அதனை மிகுதியாக முடுக்கும் என்பது நியூட்டன் விதி. காசு செலவில்லாத மாற்றமும் இதுவே. அடுத்தது மூச்சு. எஞ்சினும் ஓர் உயிர் போன்றதே. எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறதோ அவ்வளவு எரிபொருளையே அதனால் எரிக்க இயலும். ஒரு கார்புரேட்டர் நான்கு சிலிண்டர்களுக்கும் ஊட்டும் இடத்தில் இரண்டினைப் பூட்டுவர். வாயு செல்லும் வழிகளின் கரடுமுரடைத் தேய்த்து வழுவழுப்பாக்குவர். புகை தங்குதடையின்றி வெளியேறக் குழாய்களை வளைத்து நீளம் பார்த்து இணைப்பர். மூன்றாவது அமுக்கம். சிலிண்டரின் தலைமூடியைப் பட்டறையார் ஹெட் என்பர். அதன் அடிப்பரப்பை மெல்லியதாகச் சீவிவிட்டால் வாயு எரியும் அறை சிறுத்துவிடும். சிறுத்த அறையில் கலவை மிகுதியாக அமுக்கப்பெற்று வலிமையோடு வெடிக்கும். ஆனால் மயிரிழை அளவு மிகுதியாகச் சீவினாலும் கலவை உரிய நேரத்திற்கு முன்னரே வெடித்துப் பிஸ்டனைத் துளைத்துவிடும். பஞ்சாலை இயந்திரத்தின் உருளைகளை நுட்பமாகக் கடைந்து பழகிய கோவைப் பட்டறையாருக்கு இவ்வேலையின் அருமை எளிதில் விளங்கியது.

ஹெரால்டு காரைப் பற்றி ஒரு சொல். அதன் முன்பகுதி முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிச் சாயும். நான்கு புறமும் நின்று எஞ்சினில் வேலை செய்யலாம். அதற்குத் தனிச் சட்டம் உண்டு. கூட்டைக் கழற்றிவிட்டு வேறு கூட்டைப் பொருத்தலாம். இங்கிலாந்தில் அக்கம்பெனியாரே அச்சட்டத்தைக் குறுக்கி, மேலே இருவர் அமரும் கூட்டைப் பொருத்தி, இரட்டைக் கார்புரேட்டர் பூட்டி, 1962-ஆம் ஆண்டில் டிரயம்ப் ஸ்பிட்பயர் என்னும் விளையாட்டுக் காராக வெளியிட்டனர். சாது ஹெரால்டினுள் ஒரு பந்தயக் குதிரை ஒளிந்திருந்ததென்று இதனால் தெரிகிறதன்றோ? ஆனால் ஒரு குறையும் ஒளிந்திருந்தது. அதன் பின்சக்கர அச்சு நடுவில் கீல் வைத்ததுபோல் அசைவது. வளைவில் மிகு வேகமாகத் திரும்பினால் வெளிப்புறச் சக்கரம் உள்நோக்கி மடங்க, வண்டியின் பின்பகுதி திடீரென்று தூக்கி எறியப்படும். எஞ்சினின் வலிமையைக் கூட்டியவன் முதலில் இவ்வச்சைப் பற்றி எண்ணியிருக்கவேண்டும். வேகத்தைக் கூட்டும் ஒவ்வொரு மாற்றமும் பிரேக்குக்கும் டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் புதுச் சுமை ஒன்றை ஏற்றிவைக்கிறது. இக்கணக்கைப் பார்த்தவர் தேர்ச்சி பெற்றனர்.

இவ்விதம் வீட்டுக் கொட்டகையில் வண்டியை மாற்றுவோரை ஏளனம் செய்யவேண்டா. 1948-ஆம் ஆண்டில் இலண்டனில் காலின் சாப்மன் என்னும் மாணவர், தாம் மணக்கவிருந்த பெண்ணின் வீட்டுப் பின்புறக் கொட்டகையில், பழைய ஆஸ்டின் ஏழு என்னும் சிறு காரைப் பிரித்து மாற்றிக் கட்டினார். உலகப் புகழ்பெற்ற லோட்டஸ் கார்களுள் முதலாவது அதுவே. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் இளைஞர்கள் பழைய போர்டு கார்களின் கூட்டைக் குறைத்து, எஞ்சினைக் கூர்மையாக்கி, வறண்ட ஏரித் தரைகளில் ஓட்டிப் பார்த்தனர். அவர்களுக்கு உறுப்புகள் கடையில் கிடைத்தன. நம்மவர்க்கோ உறுப்பையும் தாமே செய்துகொள்ள வேண்டியிருந்தது.

அவ்வாறு செய்துகொண்டவர்களுள் தலைசிறந்தவர் கோவை எஸ். கரிவரதன். 1954-ஆம் ஆண்டில் பிறந்தவர். கோவையில் 1910-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இலட்சுமி மில்லின் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆகவே பஞ்சும் இயந்திரமும் அவருக்குப் பிறவிச் சொத்து. செல்வர் வீட்டுப் பிள்ளை பந்தயத்தில் பொழுது போக்கினார் என்று சொல்லி எளிதாகக் கடந்துவிடலாம். அவ்வாறு சொல்வோரை நான் கேட்டதும் உண்டு. அவர்கள் கூற்றில் பாதியே உண்மை. செல்வம் இருந்தமையால் அவர் தொடங்க முடிந்தது. ஆனால் செல்வம் உடைய வேறு பலரும் அந்நாளில் வெளிநாட்டுப் பந்தயக் காரை எவ்வாறேனும் தருவித்து ஓட்டி மகிழ்ந்தனரே! கரிவரதனும் சோழவரத்தில் ஓட்டி வென்றவர்தாம். ஆயினும் அவர் மனம் வேறொரு கேள்வியைப் பற்றிக்கொண்டது. இந்நாட்டுப் பொருளைக் கொண்டே, இந்நாட்டு இளைஞன் வாங்கக்கூடிய விலையில், மெய்யான பந்தயக் காரை இங்கேயே கட்ட முடியாதா?

அதற்குக் காலமும் துணை செய்தது. 1983-ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி 800 வெளிவந்தது. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டரும் உடைய அதன் சிற்றெஞ்சின் எடை குறைந்தது, எளிதில் கெடாதது, மாற்றுறுப்பு எங்கும் கிடைப்பது. மாருதியில் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒன்றாக முன்சக்கரங்களுக்கிடையே அமைந்திருக்கும். பந்தயக் காரில் எஞ்சின் இருக்கவேண்டிய இடம் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின். கரிவரதன் இரும்புக் குழாய்களை இணைத்து ஒற்றை இருக்கைச் சட்டம் ஒன்றைக் கட்டி, அவ்வெஞ்சினைப் பின்னே அமைத்து, மேலே கண்ணாடி இழையினாலான கூட்டைப் போர்த்தினார். சக்கரங்கள் கூட்டுக்கு வெளியே நின்றன. 1988-ஆம் ஆண்டில் அறிமுகமான அவ்வண்டியின் பெயர் பார்முலா மாருதி.

இதனை ஒரு காரை மாற்றியமைத்த கதையாக மட்டும் கொள்ளாதீர்கள். சோழவரத்தில் ஒருவர் வண்டியை வேறொருவர் வண்டியோடு ஒப்பிட முடியாதிருந்தது; மிகுந்த பொருள் செலவிட்டு மாற்றியவரே பெரும்பாலும் முந்தினார். பார்முலா மாருதியில் எல்லாருக்கும் ஒரே வகை வண்டி, ஒரே வகை எஞ்சின். அங்கே வென்றவன் ஓட்டும் திறமையால் வென்றான் என்று துணிந்து சொல்லலாம். இளைஞர் பலரை அவ்வண்டியில் அமர்த்திப் பழக்கிவிட்டவரும் அவரே. கார் மாற்றும் கலை, ஒருவரது விருப்பம் என்னும் நிலையிலிருந்து பலர் பயிலும் பள்ளி என்னும் நிலைக்கு அவரால் உயர்ந்தது என்பது என் கருத்து.

அப்பள்ளியின் மாணவர் ஒருவரை உலகமே அறியும். கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 1977-ஆம் ஆண்டில் பிறந்தவர்; அவர் தந்தையார் தென்னிந்திய ராலி என்னும் நெடும்பயணப் பந்தயத்தில் பன்முறை வென்றவர். சோழவரத்துக்குப் பின் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-ஆம் ஆண்டில் முறையான பந்தயத் தடம் அமைந்தது. பார்முலா மாருதியில் தொடங்கிய நரேன், பிரான்சிலும் இங்கிலாந்திலும் பயின்று படிப்படியாக உயர்ந்து, 2005-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பார்முலா ஒன்று பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு ஜூனில் அமெரிக்கப் பந்தயத்தில் நான்காம் இடம் பெற்றார். உண்மையை மறைக்கக் கூடாது: ஒரு கம்பெனியின் டயர்கள் அத்தடத்தின் வளைவைத் தாங்கா என்று கண்டு பெரும்பாலோர் விலகிக்கொண்டமையால் அன்று ஆறே கார்கள் ஓடின. வேகத்தின் உச்சியில் நிற்போரும் ஓர் உறுப்பின் மீது ஐயம் தோன்றியபோது வண்டியை நிறுத்திவிட்டார்கள் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நரேனின் அவ்வெற்றியைக் காணக் கரிவரதன் இருக்கவில்லை. காரோடு நில்லாமல் ஆகாய விமானத்திலும் ஈடுபாடு கொண்டிருந்த அவர், 1995-ஆம் ஆண்டில் விமான விபத்தொன்றில் உயிர் நீத்தார். வயது நாற்பதைச் சற்றே கடந்திருந்தது. அச்செய்தி வந்த நாளில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த பள்ளியிலும், காரையே அறியாத பிள்ளைகள்கூட அவரைப் பற்றிப் பேசிக்கொண்டதைக் கேட்டேன். 2003-ஆம் ஆண்டில் கோவைக்குத் தென்கிழக்கே, பல்லடம் செல்லும் பக்கத்திலுள்ள செட்டிபாளையத்தில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு அவர் பெயரையே இட்டுக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று வழங்குகின்றனர்.

வரலாறு இங்கே நிற்கட்டும். வாயிலில் நிற்கும் காருக்குத் திரும்புவோம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, செய்தவர் குறித்த அமைப்பிற்கு மாறாக, பதிவுச் சான்றின் விவரங்களோடு பொருந்தாதபடி வண்டியை மாற்றுதல் கூடாது என்கிறது. 2019-ஆம் ஆண்டு சனவரியில் உச்சநீதிமன்றமும் அதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. ஒப்புதல் பெற்ற எரிவாயுக் கருவி போன்றவற்றை முறைப்படி அனுமதி பெற்றுப் பூட்டலாம். மனம் போனபடி மாற்ற இயலாது. வண்டியைக் கழற்றியே வளர்ந்த ஒரு நாட்டுக்கு இச்சட்டம் கைவிலங்கு அன்றோ என்று என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற பஞ்சாலைப் பொறியாளர், வாதிடுவார். நாயுடுவின் காலத்தில் இச்சட்டம் இருந்திருந்தால் யூ.எம்.எஸ். ஏது என்பார். அவர் வாதத்தில் வலிமை உண்டு. ஆனால் 1920-ஆம் ஆண்டின் பொள்ளாச்சிச் சாலையும் இன்றைய அவிநாசிச் சாலையும் ஒன்றல்ல. அன்று எதிரே வந்தது மாட்டுவண்டி. இன்று எதிரே வருவது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய வேன். சோதித்துப் பார்ப்பதற்குச் சாலை இடமன்று. அதற்கென்றே தடம் இருக்கிறது என்பதே அவருக்கு நான் சொல்லும் விடை. இருவரும் இன்னும் உடன்பாட்டுக்கு வரவில்லை.

செட்டிபாளையத்துத் தடத்தில் பொறியியற் கல்லூரி மாணவர்கள் தாமே கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களைக் கொணர்ந்து போட்டியிடும் நிகழ்ச்சிகள் நடந்துள்ளன. உலகெங்கும் நடைபெறும் அவ்வகைப் போட்டியின் முறை என் உள்ளத்தைக் கவர்ந்தது. ஓடவிடுமுன் நடுவர்கள் வண்டியைச் சோதிப்பர். வாரால் கட்டுண்டு அமர்ந்திருக்கும் ஓட்டுநர் ஐந்து வினாடிக்குள் வெளியேறிக் காட்டவேண்டும். பின்பு ஒவ்வோர் உறுப்பையும் சுட்டி, “இதனை ஏன் இவ்வாறு அமைத்தீர்கள்?” என்று கேட்பர். அழகாக இருக்கிறது என்பது விடையாகாது, கணக்கைக் காட்டவேண்டும். விரைவாக ஓடினால் மட்டும் போதாது. இவ்விடைகளுக்கும் மதிப்பெண் உண்டு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த தேர்வு முறைகளுள் இதற்கு ஈடானது ஒன்றும் இல்லை.

அக்கேள்வியையே நான் அவ்விளைஞனிடம் கேட்டேன். அவனால் விடை சொல்ல முடியவில்லை. சுருள் ஸ்பிரிங்கை அறுத்தால் அது நீளத்தில் குறைவதோடு நில்லாமல் விறைப்பிலும் மிகும் என்பதையும், அறுபட்ட முனை தன் தட்டில் சரியாக அமராமல் பள்ளத்தில் விழும்போது நழுவக்கூடும் என்பதையும் அவன் எண்ணிப் பார்க்கவில்லை. பின்னிறக்கையோ மிகு வேகத்தில் காற்றை அமுக்கிப் பின்சக்கரங்களை நிலத்தோடு அழுத்துவதற்காக ஏற்பட்டது. அவன் காரை இழுப்பவை முன்சக்கரங்கள். அவன் செல்வதோ பெரும்பாலும் புஷ்பா தியேட்டர் நிறுத்த நெரிசலில்!

அவன் தந்தை பின்னல் இயந்திர பிட்டர். அகன்ற உருளையைச் சுற்றி வரிசையாக நிற்கும் நூற்றுக்கணக்கான ஊசிகளில் ஒன்று மயிரிழை தவறினாலும் துணி முழுவதும் கோடு விழும் என்பதை அவனுக்குச் சிறு வயதிலேயே காட்டியவர்.

“தம்பி, உன் அப்பா ஊசி நீளமாயிருக்கிறதென்று அதன் முனையை அறுப்பாரா?” என்றேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் மீண்டும் வந்தான். கம்பெனி ஸ்பிரிங் நான்கையும் வாங்கித் தன் கையாலேயே பூட்டியிருந்தான். முறுக்கும் விசையை அளவுகோல் வைத்துப் பார்த்ததாகவும் சொன்னான். கார் முன்போல் உயர்ந்து நின்றது. பின்னிறக்கை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.